ரெய்ம்ஸ் பேராலயம்: பகை நாடுகளின் கூட்டு வழிபாடு

1962 ஜூலை 8 அன்று பிரெஞ்சு அதிபர் டி கோலும் மேற்கு ஜெர்மனியின் சான்சலர் அடனாவரும் இந்தப் பேராலயத்தில் ஒன்றாகத் திருப்பலியில் கலந்துகொண்டனர். இடம் யோசித்துத் தேர்ந்ததுதான். 1914 செப்டம்பரில் ஜெர்மன் பீரங்கிகள் சுட்டதில் கூரை தீப்பிடித்தது. உருகிய ஈயம் மழைநீர்த் தூம்புகளின் கல்வாய்களில் வழிந்து அப்படியே உறைந்தது. இடப்பக்க வாசலில் புன்னகைக்கும் தேவதையின் தலையும் அன்று உடைந்து விழுந்தது. நீங்கள் காண்பது பிறகு ஒட்டவைத்தது. 1945 மே 7 அன்று ஜெர்மனி சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட்டதும் இதே ஊரில், ஒரு பள்ளிக் கட்டடத்தில்.

வழிபாடு மட்டும் பகையைத் தீர்த்துவிடாது. 1963 ஜனவரி 22 அன்று பாரிஸில் இரு நாடுகளுக்கும் இடையே எலிசே ஒப்பந்தம் கையெழுத்தானது. தலைவர்கள் ஆண்டுக்கு இருமுறையாவது சந்திக்க வேண்டும் என்பது அதன் விதி. பேச விஷயம் இருக்கிறதோ இல்லையோ! இரு நாட்டு இளைஞர்களுக்கான பரிமாற்ற அலுவலகமும் அதே ஆண்டில் தொடங்கியது.

1962 சந்திப்பைக் குறிக்கும் கல், வெளியே முற்றத்தின் தரையில் பதிக்கப்பட்டுள்ளது. கவனிக்காமல் மிதித்துப் போய்விடாதீர்கள்.