நாள்காட்டியைப் பார்த்துத் தூண்டில் போடுங்கள்

தெலுக் பஹாங் போகும் வழியில், சாலையிலிருந்து இறங்கிக் கணுக்கால் அளவுத் தண்ணீரில் நடந்தே போய்விடக்கூடிய ஒரு பாறை உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நானும் என் சித்தப்பாவும் அதில் ஏறி நின்று தூண்டில் போட்டோம். சித்தப்பா நிபோங் திபால் பக்கத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். ஓடையில் விரால் பிடித்து விற்றே பள்ளிக்கூடச் செலவுக்குக் காசு சேர்த்தவர். முதல் ஒரு மணி நேரம் கடல் அசைந்த மாதிரியே தெரியவில்லை. "தண்ணி ஏறுனா ஏறட்டும்டா, நாம பார்த்துக்கலாம்" என்றார். மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், நடந்து வந்த வழியில் இடுப்புக்கு மேல் தண்ணீர், அலை வேறு. அந்தப் பக்கமாக வந்த மீனவர் ஒருவர் எங்களைப் படகில் ஏற்றிக் கரை சேர்த்தார். கோலும் ரீலும் பாறையோடு போயின.

சித்தப்பாவின் கைப்பழக்கத்தில் எந்தக் குறையும் இல்லை. ஓடையைப் பார்த்துப் பழகிய கண்ணால் கடலைப் பார்த்ததில்தான் குறை. தோட்டங்களிலிருந்து பட்டணத்துக்குக் குடிபெயர்ந்த நம்மவர் பலர் இன்று வார இறுதியில் தூண்டிலோடு கடற்கரைக்கும் கழிமுகத்துக்கும் போகிறார்கள். மீனைத் தேடுவதற்கு முன் தண்ணீரைப் படிக்க வேண்டும். ஒவ்வொரு தண்ணீருக்கும் ஒவ்வொரு முறை.

முதலில் கடல். பினாங்குக் கடலில் ஒரு நாளில் இரண்டு முறை நீர் ஏறும், இரண்டு முறை இறங்கும். மலாயில் பாசாங், சூரூட் என்பார்கள். ஏற சுமார் ஆறு மணி நேரம், இறங்க சுமார் ஆறு மணி நேரம். அந்த நேரம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அதனால்தான் போன ஞாயிறு காலை எட்டு மணிக்கு நன்றாகக் கடித்த இடத்தில் இந்த ஞாயிறு எட்டு மணிக்கு ஒன்றும் கடிப்பதில்லை.

நீர் சீராக ஏறுவதில்லை என்பதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. மொத்த ஏற்றத்தைப் 12 பங்காகப் பிரித்தால் முதல் மணி நேரத்தில் 1 பங்கு, இரண்டாவதில் 2, மூன்றாவதிலும் நான்காவதிலும் 3 பங்கு வீதம், பிறகு 2, கடைசியில் 1. கடலோடிகள் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் மனக்கணக்கு இது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இங்கே ஏற்றம் சுமார் 2 மீட்டர் இருக்கும். அப்படியானால் முதல் மணி நேரத்தில் ஒரு சாண் கூட ஏறாத நீர், மூன்றாவது மணி நேரத்தில் மட்டும் அரை மீட்டர் ஏறுகிறது. நான்காவதில் இன்னொரு அரை மீட்டர். நாங்கள் மாட்டிக்கொண்டது சரியாக அந்த இடத்தில்தான்.

இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியே போதும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஓரிரு நாள் கழித்து நீரோட்டம் மிக வேகமாக இருக்கும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் இறக்கமும் குறைந்து, ஓட்டம் தளர்ந்துவிடும். மலாய் மீனவர்கள் இதை ஆயர் மாத்தி, அதாவது செத்த தண்ணீர் என்பார்கள். அஷ்டமியில் நல்ல காரியம் தொடங்க மாட்டோம் என்று சொல்லும் நம் வீடுகளிலிருந்து, ஆழத்தில் தூண்டில் இறக்குபவர்கள் அன்றுதான் தைரியமாகப் புறப்படலாம். ஓட்டம் மெதுவாக இருந்தால்தான் ஈயக்குண்டு அடியில் நிற்கும்; ஜெனாஹாக், கெராப்பு போன்ற அடிமட்ட மீன்களிடம் இரை போய்ச் சேரும். பெருநீர் நாளில் அதே இடத்தில் போட்டால் குண்டு உருண்டு பாறையில் சிக்கும். மணி நேரம் துல்லியமாகத் தெரிய வேண்டுமென்றால் நீர் ஏற்ற அட்டவணையைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம்.

கழிமுகத்தில் கணக்கு மாறும். அங்கே ஓட்டம் வேண்டும். சியாக்காப் என்று நாம் இங்கே சொல்வதும் தமிழ்நாட்டில் கொடுவா என்பதும் ஒரே மீன்தான். சுங்கை மூடா, சுங்கை பிறை, சுங்கை கெரியான் போன்ற ஆறுகள் கடலோடு கலக்கும் இடங்கள் அதற்குப் பிடித்தவை. நீர் ஏறும்போது சிறுமீனும் இறாலும் கண்டல் காட்டின் வேர்களுக்குள் புகுந்துகொள்ளும். நீர் இறங்கத் தொடங்கியதும் அவை வெளியே வந்தே ஆக வேண்டும். சிறு ஓடை பெரிய ஆற்றில் சேரும் வாயில், ஓட்டத்தை எதிர்த்து முகம் வைத்து, சியாக்காப் காத்து நிற்கும். ஆகவே தூண்டிலை ஆற்றின் நடுவில் வீசிப் பயனில்லை. ஓடை வாய்க்குச் சற்று மேலே போட்டு, இரை ஓட்டத்தோடு தானாக இறங்கி வரும்படி விட வேண்டும்.

இரைக்கு உயிருள்ள இறாலுக்கு மிஞ்சியது இல்லை. தலையிலுள்ள கொம்புக்குக் கீழே, உள்ளே கறுப்பாகத் தெரியும் புள்ளியைத் தொடாமல் முள்ளைக் கோத்தால் இறால் நெடுநேரம் துடிப்போடு இருக்கும். அந்தப் புள்ளியில் குத்தினால் உடனே செத்துவிடும். சியாக்காப் கடித்ததும் தண்ணீரை விட்டு எம்பித் தலையை உதறும். அதன் செவுள் மூடி கத்தி போலக் கூர்மையானது. மெல்லிய தங்கூசியை ஒரே உதறலில் அறுத்துவிடும். முள்ளுக்கு முன்னால் தடித்த தங்கூசி ஒரு முழமாவது இருக்க வேண்டும். மீன் எம்பும்போது கோலின் நுனியைத் தாழ்த்துங்கள், ஆனால் நரம்பைத் தளர விடாதீர்கள். (நாம் தங்கூசி என்பதையும் மலாய்க்காரர் தங்சி என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தமிழ் படித்தவளுக்கு இப்படி ஒரு சொல் கிடைத்தால் அன்று மீன் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை.)

பாலத் தூண்களும் சியாக்காப் தங்கும் இடங்களே. 1985இல் திறந்த முதல் பாலமும், 2014இல் பத்து காவானையும் பத்து மாவுங்கையும் இணைத்த இரண்டாவது பாலமும் மீன்களுக்கு நிழல் தருகின்றன. இரவில் விளக்கு வெளிச்சம் விழும் இடத்தில் சிறுமீன் கூடும். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டில், இருட்டுப் பக்கத்தில், பெரிய மீன் நிற்கும். ஆனால் பெருநீர் நாளில் தூணைச் சுற்றி நீர் சுழித்து ஓடும். அந்நாட்களில் சிறு படகைத் தூண் அருகே கொண்டுபோவது உயிரோடு விளையாடுவதுதான்.

இந்த மீனைப் பற்றி இன்னொன்று. சியாக்காப் ஆணாக வளர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும். ஆகவே மிகப் பெரிய சியாக்காப் அநேகமாக முட்டையிடும் பெண்தான். சட்டிக்கு நடுத்தர மீன் போதும், ருசியும் அதில்தான் அதிகம். பெரியதைப் படம் பிடித்துவிட்டுத் தண்ணீரில் விடலாம். விடுவதானால் செவுளைப் பிடித்துத் தொங்கவிடாமல், வயிற்றுக்குக் கீழே ஈரக் கையால் தாங்கி, மூச்சு வரும்வரை ஓட்டத்தில் பிடித்திருந்து விடுங்கள்.

இனி சித்தப்பாவின் களம். செபராங் பிறையின் நெல்வயல் வாய்க்கால்களும் எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக் கால்வாய்களும் விராலின் வீடு. ஹாருவான் என்றால்தான் கடைக்காரருக்குப் புரியும். அறுவைச் சிகிச்சை முடிந்தவருக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் விரால் சூப் வைப்பது இங்கே நமக்கும் மலாய்க்காரருக்கும் சீனருக்கும் பொதுவான வழக்கம். விரால் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் மீன். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மேலே வந்து ஒரு வாய் காற்று வாங்கிவிட்டுப் போகும். கங்கோங் கொடி ஓரத்தில் ஒரு சிறு வளையம் தெரிந்தால் அதுதான் அடையாளம்.

முன்பு மூங்கில் குச்சியைக் கரையில் குத்தி, தவளையைக் கோத்து, இரவெல்லாம் விட்டுவிடுவார்கள். இப்போது ரப்பர் தவளை வந்துவிட்டது. அதைக் கொடிக்கு மேல் போட்டு, நிறுத்தி நிறுத்தி இழுத்து வர வேண்டும். இங்கேதான் புதியவர்கள் தவறு செய்கிறார்கள். தண்ணீர் சிதறியதும் கோலை வெடுக்கென்று இழுத்துவிடுகிறார்கள். தவளை வெறுமனே பறந்து வருகிறது. விரால் இரையை வாயில் வாங்கித் திரும்பட்டும். மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணி, நரம்பு இறுகுவது கையில் தெரிந்த பிறகு இழுங்கள். இழுத்தால் நிறுத்தாமல் இழுங்கள், இல்லையேல் கொடிக்குள் புகுந்துவிடும்.

வயலில் மருந்து அடித்த சில நாட்களுக்கு அந்த வாய்க்கால் பக்கமே போக வேண்டாம். காலில் புண் இருந்தால் பூட்ஸ் போடாமல் இறங்காதீர்கள்; எலிக்காய்ச்சல் அந்த வழியில்தான் வருகிறது. மின்சாரம் பாய்ச்சியும் தூபா வேரை நசுக்கிக் கலந்தும் மீன் பிடிப்பதைச் சிலர் இன்னும் பெருமையாகச் சொல்கிறார்கள். 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி இரண்டும் குற்றம். மின்சாரம் குஞ்சுகளையும் விடுவதில்லை. பழைய தோட்டத்து ஓடைகளில் ஏன் விரால் இல்லை என்று கேட்பவர்கள், பதிலில் ஒரு பாதியை இங்கே தேடலாம்.

விராலின் முரட்டு அண்ணன் தோமான். அதற்குப் பினாங்கிலிருந்து கிரிக் வழியாகப் பேராக்கின் தெமெங்கோர் ஏரிக்குப் போக வேண்டும். நீரில் மூழ்கிய காட்டு மரங்களின் நடுவே, காற்று வாங்க எழும் தோமானைக் கண்ணால் பார்த்து, அது போகும் திசையில் இரண்டு மூன்று மீட்டர் முன்னால் பொய் இரையை வீசுவார்கள். பல் கூர்மையானது, கம்பி நரம்பு வேண்டும். குஞ்சுகள் செந்நிறக் கூட்டமாக மிதக்கும்போது தாயும் தகப்பனும் கீழே காவல் நிற்கும். எதைப் போட்டாலும் பாயும். பிடிப்பது சுலபம்தான். ஆனால் அந்த ஜோடியைத் தூக்கிவிட்டால் மற்ற மீன்கள் ஒரே நாளில் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும். காவல் நிற்கும் மீனைப் பிடிப்பதில் என்ன வீரம் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

நமது தீவின் ஆயர் ஈத்தாம், தெலுக் பஹாங் அணைகளும் அக்கரையிலுள்ள மெங்குவாங் அணையும் குடிநீருக்கானவை. அறிவிப்புப் பலகையைப் படிக்காமல் அங்கே கோலை விரிக்க வேண்டாம்.

ஆழ்கடலுக்குப் படகில் போகிறவர்கள் தெங்கிரியைத் தேடுகிறார்கள். அதற்கும் கம்பி நரம்புதான். ஓடும் படகுக்குப் பின்னால் பொய் இரையை இழுத்துச் செல்வது வழக்கம். அங்கே மீனைவிட வானத்தைக் கவனியுங்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியற்காலையில், சுமத்ரா பக்கமிருந்து புயல்மழை வரிசையாக வரும். மேற்கே அடிவானத்தில் கறுப்புப் பட்டை தெரிந்து, திடீரென்று குளிர்ந்த காற்று முகத்தில் பட்டால், தூண்டிலை அறுத்துவிட்டாவது திரும்புங்கள். உயிர்காப்புச் சட்டையை இருக்கைக்கு அடியில் வைப்பதற்குப் பதிலாக உடம்பில் போட்டிருங்கள். அவசரத்துக்கு 999.

கடைசியாக, கையில் வந்த மீனும் ஆபத்தாகலாம். செம்பிலாங் என்னும் கடல் கெளுத்தியின் முதுகிலும் இரு பக்கத்திலும் உள்ள முட்களில் நஞ்சு உண்டு. செத்த பிறகும் குத்தும். முள்ளைக் கழற்ற இடுக்கி கொண்டு போங்கள். குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய அளவு சுடுநீரில் அந்த இடத்தை அரை மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்தால் வலி தணியும். பிறகு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வயிறு ஊதும் புந்தால் மீனை எத்தனை கொதி கொதிக்க வைத்தாலும் அதன் நஞ்சு போகாது. அதை வீட்டுக்கே கொண்டுவரக் கூடாது.

சித்தப்பா இப்போதும் தெலுக் பஹாங் போகிறார். பையில் இடுக்கி, ஒரு பிளாஸ்கில் சுடுநீர். தேநீருக்கா என்று கேட்டால், "ரெண்டுக்கும்" என்கிறார். போகும் நாளை முடிவு செய்ய அடுப்படிச் சுவரிலிருந்து கிழித்த நாள்காட்டித் தாளைச் சட்டைப் பையில் மடித்து வைத்திருக்கிறார். சித்திதான் விரத நாள் தெரியவில்லை என்று சத்தம் போடுகிறார்.