மூடுபனிச் சாலையில் சைக்கிள்

திருவனந்தபுரம் மாவட்டத்திலுள்ள பொன்முடி, கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரமுடையது. கல்லாற்றைக் கடந்து மலையேறும் பாதையில் 22 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. 2023-ஆம் ஆண்டு அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் போட்டிகள் இங்கு நடைபெற்றன. போட்டிக்கென அமைத்த தடத்தில் எதிரே பஸ் வருவதில்லை. பொதுச் சாலையிலோ பஸ்ஸும் காரும் மூடுபனியும் சேர்ந்தே வருகின்றன. அத்தகைய சாலையில் சைக்கிளில் செல்பவர் பிறர் கண்ணுக்குப் புலனாவது எவ்வாறு என்பதை ஆராய்வோம்.

சைக்கிளின் பின்புறமுள்ள சிவப்பு வில்லையை அறியாதார் இலர். அது செயற்படும் முறையை அறிந்தோர் சிலரே. இரு சுவர்களும் தரையும் கூடும் மூலையைப் போன்ற நுண்ணிய மூலைகள் பல அதன் உட்புறத்தில் வார்க்கப்பட்டுள்ளன. ஒரு மூலையில் நுழையும் ஒளிக்கதிர் மூன்று முகங்களிலும் பட்டுத் திரும்பி, வந்த திசையிலேயே செல்கிறது. மோட்டார் ஓட்டுநரின் கண் அவரது வண்டி விளக்கிற்கு அருகிலிருப்பதால் வில்லை அவருக்குப் பளிச்செனத் தோன்றுகிறது. 1969-இல் அப்பல்லோ 11 பயணத்தினர் சந்திரனில் வைத்துவிட்டு வந்த ஒளிதிருப்பும் கருவியும் இவ்வகையினதே. ஆசிரியர்கள் இதனை இருட்டறையில் எளிதில் காட்டலாம்: டார்ச் விளக்கைக் கண்ணருகே பிடித்தால் வில்லை சுடர்விடும், கையை நீட்டி விளக்கை அப்பால் கொண்டுசென்றால் மங்கிவிடும்.

ஆயினும் வில்லை ஒளிர்வது இரவல் ஒளியினால் அன்றோ? மூடுபனியில் இக்குறை பெரிதாகின்றது. ஐம்பது மீட்டர்ப் பனி, தன்னுள் புகும் ஒளியில் பத்தில் ஒரு பங்கையே கடக்கவிடுவதாகக் கொள்வோம். மோட்டார் விளக்கின் ஒளி வில்லையை அடைந்து மீள்வதற்குள் பனியை இருமுறை கடக்க வேண்டுமாதலின், எஞ்சுவது நூற்றில் ஒரு பங்கே. சைக்கிளிலேயே எரியும் சிவப்பு விளக்கின் ஒளி ஒருமுறை கடந்தால் போதும். பத்தில் ஒரு பங்கு மிஞ்சும். வளைவிலோ மோட்டாரின் ஒளி நேரே பாய்ந்து பள்ளத்தாக்கை நோக்கிச் சென்றுவிடுகின்றது. வில்லையின் மீது படுவதே இல்லை. ஆகவே பனி சூழ்ந்தால் நண்பகலாயினும் முன்னும் பின்னும் விளக்கு எரிய வேண்டும். கேரியரில் கட்டிய பை பின்விளக்கை மறைப்பதைப் பலர் கவனிப்பதில்லை. சேறு படிந்த வில்லை இருந்தும் பயனில்லை.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மோட்டார், ஓட்டுநர் ஒன்றரை விநாடி தாமதித்துப் பிரேக்கை மிதிப்பதற்குள் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடும். நிற்பதற்கு வேண்டிய தூரம் வேறு. ஏற்றத்தில் களைத்தவர் வளைவிலேயே இறங்கி இளைப்பாறுவது இக்காரணத்தால் மிக அபாயகரமானது. நேர்ப்பாதை வந்தபின், சாலையை விட்டு விலகி நிற்றல் வேண்டும்.

வெள்ளை உடை இரவில் உதவும். பகற்பனியில் அது பனியோடு கலந்துவிடும். பளிச்சிடும் மஞ்சள், ஆரஞ்சுச் சாயத் துணிகள் பகலொளியிலுள்ள புற ஊதாக் கதிர்களைப் புலப்படும் ஒளியாக மாற்றுவதால் பகலில் சிறந்தவை. இரவில் அச்சிறப்பு இல்லை. அப்போது கணுக்காலில் கட்டும் ஒளிதிருப்பும் பட்டை நலம். மேலும் கீழும் அசையும் அவ்வொளியைக் கண்டவுடன், மிதிப்பவர் ஒரு மனிதர் என ஓட்டுநர் உணர்ந்துகொள்வார்.

இறக்கத்தைப் பற்றி ஒரு சொல். ரப்பர்க் கட்டைகள் சக்கர விளிம்பைப் பற்றும் பிரேக்குகள், விளிம்பு நனைந்திருக்கையில் உடனே பற்றா. எனவே வளைவிற்கு வெகு முன்னரே இலேசாகப் பிடித்து நீரைத் துடைத்துக்கொண்டு, பின்னர் விட்டுவிட்டு அழுத்துதல் வேண்டும்.