கோணல் பின்சக்கரங்கள்

காரைத் தாழ்த்தி அழகு பார்ப்பவர்கள் முன்சக்கரங்களை மட்டும் சரிபார்த்துவிட்டுத் திருப்தியடைகிறார்கள். ஆபத்து பின்னால் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை அதிகாலை சென்னையிலிருந்து வடக்கே கிளம்பும் கார்களில் சில, தடாவில் நெடுஞ்சாலையை விட்டு இடப்பக்கம் திரும்பி வரதய்யபாளையத்துக்குப் போகின்றன. உப்பலமடுகு அருவியில் குளிக்கப் போகும் கூட்டம் அது. அதில் வயிறு தரையைத் தொடாத குறையாகத் தாழ்த்தப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றாவது இருக்கும். வேகத்தடை வந்தால் பாம்பு வாய்க்கால் தாண்டுவதுபோல் குறுக்காக ஊர்ந்து ஏறும். ஊர்ப் பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள். ஓட்டுபவருக்கு அதில் பெருமைதான்.

அந்தக் காரின் பின்சக்கரத்தைக் குனிந்து பார்த்தால் பெருமை கொஞ்சம் குறையலாம். டயரின் வெளி ஓரத்தில் பட்டன்கள் புதிதுபோல் நிற்கும். உள் ஓரம் மொட்டையடித்ததுபோல் வழுவழுவென்றிருக்கும். இன்னும் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் கம்பி தெரியும். உள்பக்கம் என்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. இதே வரதய்யபாளையம் மண்டலத்தின் சின்னபண்டூரு கிராமத்தில்தான் அப்போலோ நிறுவனம் 2020 முதல் டயர் தயாரித்துவருகிறது. டயர் பிறக்கும் ஊர் வழியாகவே டயரைத் தேய்த்துக்கொண்டு போகிறார்கள்!

என்ன நடக்கிறது? காரைத் தாழ்த்துவது என்றால் பெரும்பாலும் ஸ்பிரிங்கை மாற்றுவதுதான். 30 அல்லது 40 மி.மீ. குட்டையான ஸ்பிரிங்கைப் போட்டால் பாடி இறங்கிவிடும். ஆனால் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆர்ம்கள் கதவின் கீல்போல ஒரு முனையில் சுழல்பவை. பாடி இறங்கும்போது சக்கரம் நேர்க்கோட்டில் மேலே ஏறாமல் வட்டத்தின் ஒரு துண்டு வழியே ஏறுகிறது. அதனால் சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்கிறது. இது கேம்பர். கூடவே சக்கரத்தின் மூக்கும் உள்ளேயோ வெளியேயோ திரும்புகிறது. இது டோ. எந்தப் பக்கம், எவ்வளவு என்பது அந்தந்தக் காரின் ஆர்ம்களின் நீளத்தையும் அவை பொருத்தப்பட்டிருக்கும் இடத்தையும் பொறுத்தது.

கண்ணுக்குத் தெரிவது கேம்பர் என்பதால் பழியெல்லாம் அதன்மேல் விழுகிறது. டயரை உண்மையில் தின்பது டோ. 600 மி.மீ. விட்டமுள்ள சக்கரத்தின் முன் ஓரத்துக்கும் பின் ஓரத்துக்கும் 3 மி.மீ. வித்தியாசம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இருநூறில் ஒரு பங்கு. அதாவது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்தச் சக்கரம் 5 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. சென்னையிலிருந்து வரதய்யபாளையம் சுமார் 80 கி.மீ. போய்ச் சேருவதற்குள் 400 மீட்டர் தூரத்துக்கு டயரைத் தார்ச்சாலையில் உரசியாகிவிட்டது. தலை சாய்ந்திருப்பதால் அந்த உரசல் முழுவதையும் உள் ஓரமே தாங்குகிறது.

டயர் போனால் காசோடு போயிற்று. பின்சக்கரங்களின் மூக்கு வெளியே திரும்பியிருந்தால் கதை வேறு. முன்சக்கரத்தைத் திருப்ப உங்கள் கையில் ஸ்டியரிங் இருக்கிறது. பின்சக்கரத்தைத் திருத்த ஓட்டும்போது யாருமில்லை. வளைவில் எடை ஏறும் பின்சக்கரம் வெளிநோக்கிப் பார்த்தால் காரின் பின்புறத்தை வெளியே தள்ளும். மழை ஈரத்தில், 80 கி.மீ. வேகத்தில், பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கார் சுழன்றுவிடலாம். தாழ்த்திய காரில் சஸ்பென்ஷன் மேலே ஏறுவதற்கான இடமும் குறைந்துபோயிருக்கும். பின்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் சாப்பாட்டுக் கூடை என்று ஏற்றிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினால் சஸ்பென்ஷன் ரப்பர் தடுப்பில் போய் முட்டும். அந்தக் கணம் அங்கே ஸ்பிரிங்கே இல்லை என்று அர்த்தம்.

இருந்தும், 'பின்னாடி ஒண்ணும் பண்ண முடியாது சார்' என்ற பதில்தான் பல பட்டறைகளில் கிடைக்கிறது. அதில் பாதி உண்மை. ஸ்விஃப்ட், போலோ போன்ற கார்களின் பின்பக்கம் முறுக்கு உத்தரம் ஒன்றுதான். திருகித் திருத்தும் போல்ட் கிடையாது. இவற்றைத் தாழ்த்தினாலும் கோணம் அதிகம் மாறாது. மாறியிருந்தால் ஹப்புக்கும் உத்தரத்துக்கும் நடுவே ஆப்புபோல் சரிவாகச் சீவிய மெல்லிய தகட்டை வைத்துச் சரிசெய்யலாம். பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸ், மஸ்டாங் போன்றவற்றில் பின்சக்கரத்துக்குப் பல ஆர்ம்கள். அவற்றில் மையம் விலகிய போல்ட் இருக்கிறது. அதைத் திருப்பினால் ஆர்ம் உள்ளே வெளியே நகரும். அதன் எல்லையும் போதாத அளவுக்குத் தாழ்த்தியவர்கள், நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஆர்ம்களை வாங்கிப் போட வேண்டும். ஸ்பிரிங்குக்குச் செலவழித்த கையோடு இதற்கும் பணம் எடுத்துவைக்கத் தயாராக இல்லாதவர்கள் காரை இருக்கிற உயரத்திலேயே விட்டுவிடுவது நல்லது.

இன்னொரு தந்திரமும் உண்டு. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே பக்கம் பார்த்தால் கார் நண்டுபோல் நடக்கும். நேராகப் போக ஸ்டியரிங்கைக் கோணலாகப் பிடிக்க வேண்டும். முன்சக்கரத்தின் டை-ராடைத் திருகி ஸ்டியரிங்கை மட்டும் நேராக்கிக் கொடுத்துவிட்டால் வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போய்விடுவார். நண்டு நண்டாகவே இருக்கும்.

சரியான வரிசை இதற்கு நேர் எதிர்: முதலில் பின்பக்கம், பிறகு அது காட்டும் திசைக்கு முன்பக்கம். பின்பக்கத்திலும் கேம்பரை முதலில் வைக்க வேண்டும். கேம்பரைத் தொட்டால் டோ மாறும் என்பதால் டோ கடைசி. இதற்கெல்லாம் முன்பு டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும். புஷ்களில் ஆட்டம் இருக்கக்கூடாது. ஓட்டுநர் சீட்டில் அவர் எடைக்கு மணல்மூட்டை வேண்டும். ஜாக்கியிலிருந்து இறக்கியதும் காரைச் சில மீட்டர் முன்னும் பின்னும் உருட்டினால்தான் ஸ்பிரிங் தன் உயரத்தில் உட்காரும். ஆர்ம் போல்ட்களின் கடைசி இறுக்கமும் சக்கரம் தரையில் நிற்கும்போதுதான். தொங்கும்போது இறுக்கினால் புஷ்ஷின் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். அவசரத்தில் பலர் கோட்டைவிடும் இடம் இது.

கம்ப்யூட்டர் இயந்திரம் கட்டாயமில்லை. காரின் இரு பக்கமும், ஹப் உயரத்தில், காரின் மையக்கோட்டுக்கு இணையாகத் தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டி, ரிம்மின் முன் ஓரமும் பின் ஓரமும் நரம்பிலிருந்து எவ்வளவு தூரம் என்று ஸ்டீல் ஸ்கேலால் அளந்தால் டோ தெரிந்துவிடும். முன் ஓரம் அதிகம் விலகியிருந்தால் மூக்கு உள்ளே. பந்தயக் குழுக்கள் இன்றும் கைவிடாத முறை இது. வரதய்யபாளையம் போகும் வழியிலுள்ள சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில்தான் பல ஆண்டுகள் சென்னையின் கார் பந்தயங்கள் நடந்தன. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனித்தடம் வந்தது. கேம்பருக்குக் கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். 17 அங்குல ரிம்மின் தலை அதன் அடியைவிட 11 மி.மீ. உள்ளே இருந்தால் சாய்வு ஏறக்குறைய ஒன்றரை டிகிரி. சாலையில் ஓடும் பெரும்பாலான கார்களுக்கு இரண்டு டிகிரிக்கு மேல் தேவையில்லை. டோ சிறிதளவு உள்நோக்கி, இரு பக்கமும் சமமாக. துல்லியமான எண்ணைத் தயாரிப்பாளரின் கையேட்டில் பார்த்துக்கொள்ளவும்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளரின் அசல் விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் தேடுவது இப்படிப்பட்ட மாற்றங்களைத்தான். தாழ்த்தும் ஆசை இருப்பவர்கள் பட்டறைக்குப் போகும் முன் இதையும் விசாரித்துக்கொள்வது உத்தமம்.

ஏற்கெனவே தாழ்த்திவிட்டவர்கள் புது ஸ்பிரிங்கில் 500 கி.மீ. ஓடியதும் மறுபடி அளக்க வேண்டும். அதற்குள் அது இன்னும் சில மி.மீ. உட்கார்ந்திருக்கும். நடுவில் சந்தேகம் வந்தால், கார் நிற்கும்போது பின்டயரின் உள் ஓரத்தை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கம்பி தெரியவில்லை என்றால் பட்டன்களின் மேல் குறுக்காக உள்ளங்கையை ஓட்டிப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் ரம்பப் பல்போல் உறுத்தினால் டோ தப்பு. அருவியை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம்.