பவளத்தைத் தொடாமல் பார்ப்போம்

'பவளப்பாறை' என்ற சொல்லிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. பவளம் தாவரமா, விலங்கா, கல்லா என்று எட்டாம் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் கேட்பேன். கல் என்பதற்கே அதிகக் கைகள் உயரும். கல் என்று நம்பும் பிள்ளை, நாளை கடலில் இறங்கினால் அதன்மேல் ஏறி நிற்கத் தயங்காது.

உண்மையில் மூன்று விடையிலும் கொஞ்சம் சரி உண்டு. பவள உயிரி, ஜெல்லி மீனின் உறவான ஒரு சிறு விலங்கு. அதன் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து அதற்கு வேண்டிய உணவில் பெரும்பகுதியைத் தருகின்றன. அந்த விலங்கு தன்னைச் சுற்றிக் கட்டும் சுண்ணாம்புக் கூடுதான் நாம் பாறை என்பது. உருண்டைப் பவளங்கள் பல, ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளரும். ஒரு மீட்டர் உயரத்துக்கு எத்தனை ஆண்டு என்று மாணவர்களையே கணக்கிடச் சொல்லலாம். கடல்நீரின் வெப்பம் வழக்கமான கோடை அளவைவிட 1 அல்லது 2 டிகிரி கூடிச் சில வாரம் நீடித்தாலே பாசிகள் வெளியேறிப் பவளம் வெளுத்துவிடும். மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் இப்படி நடந்தது. வெளுத்தது உடனே இறப்பதில்லை. நீர் குளிர்ந்தால் தேறக்கூடும். அந்த நேரத்தில் மேலும் ஒரு மிதி விழக்கூடாது.

கல் என்றே எண்ணி நாமும் வெட்டியிருக்கிறோம். தூத்துக்குடிப் பகுதியில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல ஆண்டுகள் பவளம் தோண்டப்பட்டது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விளாங்குசல்லி இரண்டும் இன்று நீருக்கடியில் உள்ளன. அதற்கு இந்தத் தோண்டலும் முக்கியக் காரணம். 2001 முதல் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பதால், எடுப்பதும் விற்பதும் குற்றம்.

பார்த்து மகிழ அந்தமான் நல்ல இடம். வண்டூர் அருகே உள்ள மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவில் ஜாலி பாய், ரெட் ஸ்கின் தீவுகளை மாற்றி மாற்றித் திறந்து, ஒன்றுக்கு ஓய்வு தருகிறார்கள். முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அணிந்து மிதக்கும் ஸ்நார்க்கெலிங்கில், என் கணிப்பில், கெட்ட எண்ணத்தைவிடப் பதற்றமே அதிகம் சேதம் செய்கிறது. குழாயில் நீர் புகுந்ததும் புதியவர் கால் ஊன்றத் தேடுவார். காலடியில் இருப்பது பவளம். எனவே முதலில் மணல் தரையுள்ள ஆழமற்ற நீரில், குழாயில் புகுந்த நீரை ஊதி வெளியேற்றப் பழக வேண்டும். மிதவை உடை அணிந்தால் நிற்க வேண்டிய தேவையே வராது. வெயிலுக்கு முழுக்கைச் சட்டை போதும். பவளத்துக்குக் கேடு என்று கருதப்படும் ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்த களிம்புகளின் விற்பனையை ஹவாய் மாநிலம் 2021 முதல் தடை செய்துள்ளது. மீனுக்கு ரொட்டி போடவும் வேண்டாம். பவளத்தின் மேல் படரும் பாசியை மேய்வது அவற்றின் வேலை. கிளிமீன் பவளத்தைக் கடித்து மணலாகக் கழிக்கும் என்று சொன்னால் வகுப்பே சிரிக்கும், ஆனால் மறக்காது.

பள்ளி ஆய்வகத்தில் பழைய பவளத் துண்டு இருந்தால் உருப்பெருக்கியால் பார்க்கக் கொடுங்கள். புதிதாகச் சேகரிக்க வேண்டாம். அதில் தெரியும் ஒவ்வொரு குழியும் ஓர் உயிரி குடியிருந்த வீடு. ஒரு சதுர சென்டிமீட்டரில் எத்தனை வீடுகள் என்று எண்ணச் சொல்லுங்கள்.