வீட்டு மீன் தொட்டியும் அதன் நீரும்

கண்ணாடித் தொட்டியில் அழகு மீன்களை வைத்து வளர்க்கும் வழக்கம் நகரங்களினின்றும் கிராமங்களுக்குப் பரவிவிட்டது. சென்னைக் கடற்கரையில் 1909-ஆம் வருஷத்திலேயே பொதுமக்கள் காணும்பொருட்டு மீன் காட்சிச்சாலை ஒன்று திறக்கப்பட்டது. இந்நாளில் சென்னை கொளத்தூர்ப் பகுதியில் அழகு மீன் உற்பத்தி பல குடும்பங்களுக்கு ஜீவனோபாயமாக விளங்குகிறது. ஆயினும் ஆசையுடன் வாங்கிய மீன்கள் ஒரு மாதத்துக்குள் ஒவ்வொன்றாக மடிந்துபோவது சாதாரணமாயிருக்கிறது. நோய் என்றும், விற்றவர் ஏமாற்றினார் என்றும், வீட்டுக்கு ராசியில்லை என்றும் பலவாறு சொல்லப்படுகிறது. உண்மையில் இச்சேதத்தின் பெரும்பகுதிக்குக் காரணம் நீரே. பயிரைக் காக்க விரும்பும் குடியானவர் முதலில் மண்ணைப் பேணுவதுபோல, மீனைக் காக்க விரும்புவோர் முதலில் நீரைப் பேணவேண்டும்.

நீர் நஞ்சாகும் விதம்

மீன்கள் செவுள் வழியாக அமோனியாவை வெளியிடுகின்றன. தின்னாமல் மிஞ்சிய இரையும் கழிவும் அழுகும்போதும் அமோனியா உண்டாகிறது. இது மீனுக்குக் கொடிய நஞ்சு. காரத்தன்மையும் வெப்பமும் மிகுந்த நீரில் இதன் வேகம் இன்னும் அதிகம். நீர் பளிங்குபோல் தெளிந்திருந்தாலும் இந்நஞ்சு அதில் இருக்கக்கூடும். கண்ணால் கண்டு அறிய இயலாது.

இதற்குப் பரிகாரத்தை இயற்கையே அமைத்திருக்கிறது. ஒருவகை நுண்ணுயிர்கள் அமோனியாவை நைட்ரைட்டாகவும், வேறொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சே. நைட்ரேட்டோ அளவு மீறினாலன்றித் தீங்கு செய்வதில்லை. இம்மாறுதல் விவசாயிகளுக்குப் புதியதன்று. எருவிலுள்ள தழைச்சத்து பயிருக்கு உதவும் உருவை அடைவதும் மண்ணிலுள்ள இத்தகைய நுண்ணுயிர்களாலேயே. மக்காத எருவை இட்டால் இளநாற்று வாடுவதுபோலவே, இந்நுண்ணுயிர்கள் பெருகாத புதுத் தொட்டியில் மீன் வாடுகிறது.

இவை நீரில் மிதந்து வாழ்வதைவிட, சரளைக் கல்லிலும் வடிகட்டியின் பஞ்சிலும் படிந்து வாழ்வதே மிகுதி. போதுமான அளவு பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகின்றன. தொட்டியை வாங்கிய தினத்திலேயே மீன்களை நிறைத்துவிடுவதால் விளையும் கேடு இதனால் விளங்கும்.

தொட்டி அமைத்தல்

2 அடி நீளமும், 1 அடி அகலமும், 1 அடி உயரமும் உள்ள தொட்டி தொடங்குவோருக்கு ஏற்றது. இதில் ஏறக்குறைய 50 லிட்டர் நீர் நிற்கும். நீர், கல், கண்ணாடி ஆகியவற்றின் எடை சேர்ந்து 70 கிலோவுக்குக் குறையாதாகையால், சமமான உறுதியுள்ள மேசை வேண்டும். பிராணவாயு நீரின் மேற்பரப்பு வழியாகவே உட்செல்லுகிறது. ஆகவே உருண்டைக் குடுவையும் குறுகிய வாயுள்ள ஜாடியும் மீன் வளர்க்க உதவா. நேர் வெயில் படும் இடத்தில் வைத்தால் பாசி மிகும். நீரும் அளவுக்கு மேல் சூடேறும்.

முதலில் கப்பி முதலிய சிறு மீன்களில் 3 மட்டும் விட்டு, இரையைச் சிக்கனமாக இட்டு, 6 வாரம் கழித்துச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். மேற்சொன்ன அளவுள்ள தொட்டிக்குச் சிறு மீன்கள் 10 அல்லது 12 போதும். பொன்மீன் பெரிதாக வளர்ந்து மிகுந்த கழிவு விடுவதாகையால் அதற்குப் பெருந்தொட்டி அவசியம். புது மீன்களை 2 அல்லது 3 வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்தல் நலம். உடலில் உப்புத்தூள் தூவினாற்போல் தோன்றும் வெண்புள்ளி நோய் பெரும்பாலும் புது மீன்களுடனேயே வருகிறது.

தினந்தோறும் செய்யவேண்டியவை

இரை நாளைக்கு ஒரு வேளை அல்லது இரு வேளை, 2 நிமிஷத்துக்குள் தின்று தீரும் அளவே இடவேண்டும். மிஞ்சியதை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் இரையின்றி இருப்பதால் வளர்ந்த மீனுக்குக் கேடில்லை. மிகையான இரையால் தொட்டி முழுவதும் கெடும். குழந்தைகள் ஆளுக்கொரு பிடி இடாதவண்ணம் வீட்டில் ஒருவரே இப்பொறுப்பை ஏற்பது உத்தமம்.

மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து நின்றால், பிராணவாயு குறைந்ததென்றோ நீர் நஞ்சானதென்றோ அறிந்து, உடனே நீரில் ஒரு பகுதியை மாற்றவேண்டும். மின்சாரம் தடைப்பட்டுக் காற்றுப் பம்பு நிற்குங்கால், ஒரு குவளையால் தொட்டி நீரை மொண்டு சிறிது உயரத்திலிருந்து ஊற்றிவருதல் உதவும்.

வாரந்தோறும் செய்யவேண்டியவை

வாரம் ஒரு முறை நீரில் நான்கில் ஒரு பங்கை, அடிக்கசடு வரும்படி குழாயினால் உறிஞ்சி எடுத்துப் புது நீர் விடவேண்டும். ஆவியாய்ப் போன அளவை மட்டும் நிரப்பிவருவது போதாது. வடிகால் இல்லாத வயலில் உப்பு ஏறி நிலம் உவராவதுபோல, அவ்வாறு நிரப்பும் தொட்டியிலும் உப்புகளும் நைட்ரேட்டும் சேர்ந்துகொண்டே போகும்.

நீர் முழுவதையும் கொட்டி, கற்களைத் தேய்த்துக் கழுவி, புது நீர் நிரப்புவதும் தவறு. அதனால் நுண்ணுயிர்களிற் பெரும்பகுதி அழிய, தொட்டி மறுபடியும் புதுத் தொட்டியாகிவிடுகிறது. வடிகட்டிப் பஞ்சைக் குழாய் நீரில் கழுவாமல், வெளியே எடுத்த தொட்டி நீரிலேயே மெதுவாக அலசவேண்டும். சோப்பு ஆகாது.

ஊராட்சிக் குழாய் நீரில் கலந்துள்ள குளோரின் மீனுக்கும் நுண்ணுயிர்களுக்கும் நஞ்சு. அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் அது பெரும்பாலும் நீங்கும். மேல்நிலைத் தொட்டியைச் சலவைத்தூள் இட்டுக் கழுவும் தினத்து நீரை ஒருபோதும் உபயோகிக்கலாகாது. ஆழ்துளைக் கிணற்று நீரில் பிராணவாயு குறைவாயிருக்குமாதலால் அதையும் ஒரு நாள் காற்றாட வைத்தபின் விடவேண்டும். வெளியே எடுத்த பழைய நீர் தழைச்சத்து உள்ளது. பூச்செடிக்கும் காய்கறிப் பாத்திக்கும் பாய்ச்சலாம்.

விவசாயிகளுக்கு விசேஷ எச்சரிக்கை

பூச்சிமருந்துகளிற் பல மீனுக்கு மிகக் கொடியவை. சிறு துளியும் தொட்டி முழுவதையும் அழிக்கும். மருந்து தெளித்த கையும், மருந்து கலந்த வாளியும், மயில்துத்தம் பட்ட பாத்திரமும் தொட்டி அருகே வரலாகாது. கொசுமருந்து தெளிக்கும்பொழுதும் தொட்டியை நன்கு மூடிக் காற்றுப் பம்பை நிறுத்திவிட்டு, அறையில் காற்றோட்டம் வந்தபின் ஓட்டவேண்டும்.

வேண்டாத மீன்களை ஏரியில் விடலாகாது

தொட்டி சலித்துப்போனால் மீன்களை ஏரியிலோ கிணற்றிலோ விடுவது புண்ணியம் எனச் சிலர் எண்ணுகின்றனர். இது பெருந்தீங்கு. தென் அமெரிக்காவிலிருந்து பூவின் அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆகாயத்தாமரை நம் நீர்நிலைகளை எவ்வாறு மூடியிருக்கிறதென்பதை எல்லோரும் அறிவர். பாசி தின்னுமென்று கடைகளில் 'டேங்க் கிளீனர்' என விற்கும் மீனும் அக்கண்டத்தைச் சேர்ந்ததே. இது 1 அடிக்கு மேல் வளரும். முட்டையிடக் கரையில் வளை தோண்டும். முரட்டு முட்களால் வலையைக் கிழிக்கும். தமிழ்நாட்டின் சில ஏரிகளில் இது ஏற்கெனவே பெருகியுள்ளது. ஏரிக்கரையின் உறுதியை நம்பியே ஆயக்கட்டு முழுவதும் இருப்பதால், இவ்விஷயத்தில் கிராம அதிகாரிகள் ஜனங்களை எச்சரிப்பது அவசியம். வேண்டாத மீன்களைக் கடைக்கே திருப்பித் தரலாம்; வளர்க்க விரும்பும் பிறருக்கும் கொடுக்கலாம். தொட்டிச் செடிகளை வெயிலில் நன்கு உலர்த்தியபின் எருக்குழியில் இடவேண்டும்.

தினம் 5 நிமிஷமும், வாரத்தில் அரை மணி நேரமும் செலவிட்டால் தொட்டி பல வருஷங்கள் நன்னிலையில் இருக்கும். மண்ணைப் பேணிப் பழகிய கைகளுக்கு 50 லிட்டர் நீரைப் பேணுவது அரிய காரியமன்று.