37 டிகிரியின் காவல்

ஏப்ரல் மாத நண்பகலில் வாளையாற்றைக் கடந்து பாலக்காட்டு எல்லைக்குள் நுழைவோர் முகத்தில் அனல் அறையும். 2024 ஏப்ரல் இறுதியில் அம்மாவட்டத்து வெப்பநிலை 41 டிகிரி செல்சியசைத் தாண்டியது. வானிலை ஆய்வுத் துறை வெப்ப அலை எச்சரிக்கை விடுத்தது. பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, மறையூர் வழியாக அன்றே இடுக்கி மாவட்டத்து மூணாறை அடைந்தால், இரவில் போர்வையைத் தேடுகிறோம். சனவரி விடியலில் அங்கே உறைபனி படிவதும் உண்டு. எனினும் ஈரிடத்தும் நம் உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரிதான்.

இந்த உட்சமநிலைக்கு அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன் 1926இல் ‘ஹோமியோஸ்டாசிஸ்’ எனப் பெயரிட்டார். வெப்பத்தைப் பொறுத்தவரை இதன் காவலர், மூளையின் அடியில் பாதாம் பருப்பளவே உள்ள ஹைப்போதலாமஸ். குளிரில் அது தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். தசைகளை நடுக்கி வெப்பம் உண்டாக்கும். வெயிலில் அக்குழாய்களை விரித்து வியர்வையைச் சுரக்கச் செய்யும். ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் உடலைவிட்டு நீங்கும். வழிந்து சொட்டும் வியர்வையால் அப்பயன் இல்லை. புழுக்க நாளில் நாம் படும் பாட்டுக்குக் காரணம் அதுவே.

வரவு செலவுக் கணக்கை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வியர்வை நீரை மட்டுமன்றி உப்பையும் செலவிடுகிறது. சிறுநீரகங்கள் சிறுநீரைக் குறைத்து இயன்றவரை சேமிக்கின்றன. வரவே இல்லையெனில் இரத்தத்தின் அளவு குறையும், வியர்வை குறையும், உள்வெப்பம் ஏறும். அது 40 டிகிரியைத் தாண்டிப் பேச்சுக் குழறினால், நினைவு தடுமாறினால், உயிருக்கே ஆபத்து. அவரை உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, உடலெங்கும் நீர் ஊற்றி, விசிறியபடியே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் நீர் புகட்டலாகாது.

கோடைதோறும் கேரளத் தொழிலாளர் துறை, வெட்டவெளியில் உழைப்போருக்கு நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை ஓய்வளிக்க ஆணையிடுகிறது. வெயில் தாக்கும் வாய்ப்பில்லாத, 3,000 அடிக்கு மேற்பட்ட மலைப்பகுதிகளுக்கு அதில் விலக்கு உண்டு. ஓர் ஆணைக்குள்ளேயே பாலக்காடும் மூணாறும் வேறாகிவிடுகின்றன!

முதுமையில் தாக உணர்வு மங்கும். ஆகவே வீட்டிலுள்ள பெரியவர்கள் கேட்கும்வரை நாம் காத்திருக்கலாகாது. ஓய்வூதியம் பெற வங்கிக்கு வருவோர் வெயில் ஏறுமுன் வீடு திரும்புவது நலம். இதய, சிறுநீரக நோயாளிகள் நீர், உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். ஏனையோருக்கு, பாலக்காட்டார் ‘சம்பாரம்’ என்றழைக்கும் உப்பிட்ட நீர்மோர் இருக்கவே இருக்கிறது.