கிழட்டுக் காரும் மலை ஏறும்!

வானத்தில் கார்த்திகை நட்சத்திரங்களைப் பார்த்திருப்பீர்கள். கொத்தாக மின்னும். முருகனை வளர்த்த ஆறு பெண்கள் அவர்கள்தான் என்று பாட்டிமார் கதை சொல்வார்கள்.

அந்த நட்சத்திரக் கூட்டத்துக்கு ஜப்பான் நாட்டில் என்ன பெயர், தெரியுமா? 'சுபாரு'!

அந்தப் பெயரில் ஒரு மோட்டார் கார் இருக்கிறது. அதன் சின்னத்தில் ஆறு நட்சத்திரங்கள். ஒன்று பெரியது, ஐந்து சிறியவை. 1953-ம் ஆண்டில் ஐந்து கம்பெனிகள் சேர்ந்து 'பியூஜி ஹெவி இண்டஸ்டிரீஸ்' என்ற பெரிய கம்பெனியைத் தொடங்கின. அதன் அடையாளம்தான் இது. 1958-ல் 'சுபாரு 360' என்ற குட்டிக் கார் வெளிவந்தது. 2017-ல் கம்பெனியின் பெயரே சுபாரு என்று மாறிவிட்டது.

பனியில் ஓடும் கார்

1972-ம் ஆண்டில் 'லியோன்' என்ற சுபாரு காரின் ஒரு வகை வந்தது. அதில் ஒரு புதுமை. நான்கு சக்கரங்களையும் என்ஜின் சுழற்றியது! ஜீப் வண்டியில் இருந்த வசதி, குடும்பக் காருக்கு வந்தது.

பனியும் மலையும் உள்ள ஊர்களில் இந்தக் காருக்கு நல்ல கிராக்கி. வட ஜப்பானிலும், அமெரிக்காவின் மலை நாடுகளிலும், நியூசிலாந்திலும் 20, 25 வயதான சுபாரு கார்கள் இன்றும் ஓடுகின்றன.

ஆனால் சும்மா ஓடாது. கவனித்தால்தான் ஓடும்!

படுத்திருக்கும் என்ஜின்

மற்ற கார்களில் பிஸ்டன்கள் பெரும்பாலும் நின்றபடி மேலும் கீழும் ஓடும். சுபாருவில் அவை படுத்தபடி இடமும் வலமுமாக ஓடும். இரண்டு குத்துச் சண்டை வீரர்கள் எதிர் எதிரே நின்று கை நீட்டுவது போல இருக்கும். அதனால் இதற்கு 'பாக்ஸர்' என்ஜின் என்று பெயர்.

என்ஜின் தாழ்வாக இருப்பதால், வளைவில் கார் அதிகம் சாயாது. இது லாபம்.

நஷ்டமும் உண்டு. என்ஜினின் உடலுக்கும் தலைக்கும் நடுவே 'ஹெட் கேஸ்கெட்' என்ற தகடு இருக்கிறது. எண்ணெயும் தண்ணீரும் கசியாமல் தடுப்பது அதன் வேலை. 1990-களின் பிற்பகுதியிலும் 2000-களிலும் வந்த இரண்டரை லிட்டர் என்ஜின்களில் இந்தத் தகடு கெட்டுப்போவது பேர்போன நோய்.

முள் மேலே போனால்...

இரவு நேரம். மலைப் பாதை. காரில் மனைவியும் குழந்தைகளும் தூங்குகிறார்கள். வெளியே பனி. திடீர் என்று சூடு காட்டும் முள் மேலே ஏறுகிறது. என்ன செய்வீர்கள்?

'இன்னும் கொஞ்ச தூரம்தானே' என்று ஓட்டாதீர்கள். அந்தக் கொஞ்ச தூரம் என்ஜினையே தின்றுவிடும்! உள்ளே இருக்கும் ஹீட்டரை முழுதாகத் திறந்து விடுங்கள். என்ஜின் சூட்டில் ஒரு பகுதி அதன் வழியாக வெளியேறும். பத்திரமான இடமாகப் பார்த்து ஓரம் கட்டி, என்ஜினை நிறுத்துங்கள்.

உடனே ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. கொதிக்கும் நீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். நன்றாக ஆறிய பிறகுதான் தொட வேண்டும்.

இந்த நோய் முன்கூட்டியே அடையாளம் காட்டும். கூலன்ட் நிற்கும் டப்பாவில் குமிழி வரும். தித்திப்பு வாடை அடிக்கும். ஹீட்டரில் திடீர் என்று குளிர் காற்று வரும். என்ஜினின் கீழ் விளிம்பில் ஈரம் தெரியும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் மெக்கானிக்கிடம் போங்கள். பழைய தகட்டை எடுத்துவிட்டு, பல அடுக்கு எஃகுத் தகடு போடச் சொல்லுங்கள். என்ஜின் தலை வளைந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். வளைந்த தலையில் புதுத் தகடு போட்டால் மறுபடியும் கசியும்.

ஒரு பெல்ட், ஓர் என்ஜின்

அந்தக் கார்களில் 'டைமிங் பெல்ட்' என்ற ரப்பர் பட்டை இருக்கிறது. பிஸ்டன்களும் வால்வுகளும் தாளம் தப்பாமல் ஓடுவது இதனால்தான். பட்டை அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் மோதும். வால்வு வளையும். ஒரு பட்டையை மிச்சப்படுத்தப் போய், பெரிய செலவு!

காரின் கையேட்டில் கெடு போட்டிருக்கும். பல கார்களுக்கு அது 1 லட்சம் முதல் 1 லட்சத்து 70 ஆயிரம் கிலோ மீட்டர் வரை. பட்டையை மாற்றும்போது தண்ணீர் பம்பு, பட்டையை இறுக்கும் டென்ஷனர், உருளைகள் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். உருளை இறுகி நின்றாலும் புதுப் பட்டை அறுந்துபோகும்.

2010 முதல் வந்த 'எப்.பி.' என்ஜின்களில் பட்டைக்குப் பதில் சங்கிலி இருக்கிறது.

எண்ணெயும் டயரும்

பழைய சுபாரு எண்ணெய் குடிக்கும். இரண்டு முறை பெட்ரோல் போட்டால் ஒரு முறை எண்ணெய்க் கம்பியை எடுத்துப் பாருங்கள். சமதரையில் காரை நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும்.

டயர் கதை வேறு. ஒரு டயர் மட்டும் வெடித்தால், ஒன்றை மட்டும் புதிதாகப் போடுவோம் அல்லவா? சுபாருவில் அது ஆபத்து. நான்கு டயர்களின் சுற்றளவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். வித்தியாசம் 6 மில்லி மீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால், முன் பின் சக்கரங்களுக்குப் பலத்தைப் பங்கு போடும் பகுதி சூடாகிக் கெடும். மெதுவாக வளைத்துத் திருப்பும்போது கார் திக்கித் திக்கிப் போனால், அது கெடுகிறது என்று அர்த்தம். தையல்காரரின் நாடா போதும். நீங்களே அளந்து பார்க்கலாம்!

அழகு செய்ய ஆசையா?

பழைய சுபாருவை மாற்றிக் கட்டுவதில் பலருக்கு ஆசை. உயரத்தைக் கூட்டுவார்கள். பெரிய டயர் போடுவார்கள். 1980-களின் லியோனில் 1990-களின் 2.2 லிட்டர் என்ஜினைப் பொருத்துகிறவர்களும் உண்டு. பழைய கியர் பெட்டியோடு அதை இணைக்க, நடுவே தனித் தகடு வேண்டும்.

ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் உயர்த்தினால் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் சக்கரத்தைச் சுழற்றும் அச்சுகள் கோணலாகி, மூட்டுகள் தேயும். உயர்த்திய பின் சக்கரங்களின் நேர்கோட்டைச் சரி பார்க்க வேண்டும். பெரிய டயர் போட்டால் வேகமானி குறைவாகக் காட்டும். 60 என்று நினைப்பீர்கள். வண்டி அதற்கு மேல் போகும்!

டர்போ காரில் காற்றழுத்தத்தை மட்டும் கூட்டுவது மகா தவறு. காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் வராவிட்டால் பிஸ்டன் உடையும்.

ஜப்பானில் 'ஷாகென்' என்ற சோதனையில் தேறாத கார் தெருவில் ஓட முடியாது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பெரிய மாற்றங்களுக்குச் சான்றிதழ் வேண்டும். ஆகையால் முதலில் சட்டம், பிறகு ஆசை.

இன்னொன்று. காரின் அடியில் படுத்து வேலை செய்கிறவர்கள் ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. ஜாக்கி நழுவினால் உயிர் போகும். உறுதியான தாங்கிகள் வைத்த பிறகே உள்ளே நுழைய வேண்டும்.

ஒரு நோட்டு போதும்

மாற்றம் செய்வதற்கு முன் பிரேக், டயர், எண்ணெய், கூலன்ட், பட்டை ஐந்தையும் சரி செய்யுங்கள். மிச்சப் பணத்தில் அழகு செய்யலாம்.

காரில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். எந்தத் தேதியில், எத்தனையாவது கிலோ மீட்டரில், என்ன மாற்றினோம் என்று எழுதுங்கள். பழைய கார் வாங்குகிறவர்களும் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும். 'பெல்ட் எப்போது மாற்றினீர்கள்?' என்ற கேள்விக்குப் பதில் இல்லை என்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

பளபளக்கும் பெயிண்ட் கண்ணை ஏமாற்றும். நோட்டுப் புத்தகம் ஏமாற்றாது!